அமேலி (திரைப்படம்)

அமேலி என்பது 2001 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று பிரான்சில் வெளியான பிரெஞ்சு மொழித் திரைப்படம் ஆகும். காதல், நகைச்சுவை, மாய யதார்த்தம் ஆகிய மூன்றும் கலந்த இப்படத்தை ழான்-பியேர் ழூனே இயக்கினார். திரைக்கதையை அவரும் கியோம் லோரானும் சேர்ந்து எழுதினர். பிரெஞ்சு மூலத் தலைப்புக்கு 'அமேலி புலேனின் அற்புத விதி' என்று பொருள். ஓட்ரே டோட்டூ அமேலியாகவும், மாத்யூ கசோவிட்ஸ் அவள் விரும்பும் நினோவாகவும் நடித்துள்ளனர். கதை முழுவதும் பாரிசின் வடபகுதியில் ஒரு குன்றின் மேல் அமைந்துள்ள பழைய குடியிருப்பான மோன்மார்த்ரையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டது. 122 நிமிடங்கள் ஓடும் இப்படம், வெளிவந்த காலத்தில் உலகெங்கும் மிகுதியாகப் பார்க்கப்பட்ட பிரெஞ்சுப் படங்களில் ஒன்று. அதே அளவுக்கு, அது காட்டும் பாரிஸ் உண்மையானதா என்ற சர்ச்சையையும் எழுப்பியது.

கதை

அமேலியின் தந்தை ரபாயேல் முன்னாள் இராணுவ மருத்துவர். மகளைத் தொட்டுப் பேசும் பழக்கம் இல்லாதவர். ஆண்டுக்கொரு முறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையின்போது மட்டுமே அவர் கை அவள்மேல் படும். அந்த மகிழ்ச்சியில் சிறுமியின் இதயம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மகளுக்கு இதயக் கோளாறு என்று முடிவு செய்யும் தந்தை அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்க்கிறார். தாய் நோத்ர்-தாம் தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது, மேலிருந்து குதித்த ஒரு கியூபெக் சுற்றுலாப் பயணி அவர்மேல் விழுந்து தாயும் இறந்துபோகிறார். விளையாட்டுத் தோழர்கள் இல்லாத அமேலிக்குக் கற்பனையே துணையாகிறது. அன்பின் விளைவை நோய் என்று பிழையாக வாசித்த இந்தத் தொடக்கத்தில்தான் படத்தின் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. யாரிடமும் நெருங்கிப் போக அவள் பின்னாளில் அஞ்சுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வளர்ந்தபின் மோன்மார்த்ரில் தனியே வாழ்ந்து, ஒரு காப்பிக் கடையில் பரிமாறுபவளாக வேலை செய்கிறாள். 1997 ஆகஸ்ட் இறுதியில் இளவரசி டயானா இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் கேட்டதும் அவள் கையிலிருந்த வாசனைத் திரவியப் புட்டியின் மூடி நழுவி உருண்டோடுகிறது. அது மோதிய இடத்தில் குளியலறைச் சுவரின் ஓடு ஒன்று பெயர்கிறது. உள்ளே ஒரு பழைய தகரப்பெட்டி. சுமார் 40 ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டில் வாழ்ந்த ஒரு சிறுவன் ஒளித்துவைத்த பொக்கிஷங்கள் அதில் இருக்கின்றன. உலகமே ஒரு மரணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் வேளையில் அமேலியின் கவனம் அந்தப் பெட்டியின் சொந்தக்காரனைக் கண்டுபிடிப்பதில் திரும்பிவிடுகிறது.

பெயரைத் திருத்திச் சொல்லி உதவுபவர் அண்டை வீட்டு முதியவர் துபாயேல். கண்ணாடிபோல் எளிதில் உடையும் எலும்புகள் கொண்டவர். 20 ஆண்டுகளாக வீட்டைவிட்டு வெளியே வராதவர். தேடி அடைந்த பிரெத்தொதோ என்ற நடுவயதுக்காரர், தெருவோரத் தொலைபேசிக் கூண்டில் மணி ஒலிக்கக் கேட்டு உள்ளே நுழைந்து தம் பெட்டியைக் காண்கிறார். பின்னர் ஒரு மதுக்கடையில் நின்று, விலகிப்போன தம் மகளைப் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்கிறார். பக்கத்தில் நிற்பவள் அமேலி என்பது அவருக்குத் தெரியாது. அன்றுமுதல் பிறர் வாழ்க்கையைச் சரிசெய்வதைத் தன் வேலையாக அவள் எடுத்துக்கொள்கிறாள்.

ஒரு பார்வையற்ற முதியவரின் கையைப் பிடித்துத் தெருவில் விரைந்து நடந்தபடி, கடைகளையும் மணங்களையும் மனிதர்களையும் மூச்சுவிடாமல் விவரித்து, மெட்ரோ வாயிலில் விட்டுச் செல்கிறாள். தோட்டத்தோடு தன்னை அடைத்துக்கொண்ட தந்தைக்கு, அவருடைய தோட்டத்துக் குள்ளன் பொம்மையைத் திருடி ஒரு விமானப் பணிப்பெண்ணிடம் கொடுத்து, உலக நகரங்களில் அது நிற்கும் படங்களைத் தபாலில் வரச்செய்கிறாள். தன் உதவியாளன் லூசியனை எந்நேரமும் இழிவுபடுத்தும் காய்கறிக் கடைக்காரர் கொலின்யோனின் வீட்டுக்குள் கள்ளச்சாவியோடு புகுந்து, செருப்பைச் சிறிய அளவுக்கு மாற்றுகிறாள். பற்பசை இருந்த இடத்தில் பாதத்துக்குப் பூசும் களிம்பை வைக்கிறாள். கடிகார மணியை மாற்றி வைக்கிறாள். மனிதர் தமக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நம்பத் தொடங்குகிறார்.

கணவன் வேறொருத்தியோடு ஓடிப்போய் இறந்துவிட்ட துயரிலேயே வாழும் மதலேன், அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண். அவளிடமிருந்து பழைய காதல் கடிதங்களை எடுத்து, நகலெடுத்து, சொற்றொடர்களை வெட்டி ஒட்டி, மறுபடி நகலெடுத்து, தேநீரில் நனைத்துப் பழுப்பேற்றிக் காயவைத்து, மன்னிப்புக் கேட்கும் ஒரு புதிய கடிதத்தை அமேலி உருவாக்குகிறாள். பல ஆண்டுகளுக்கு முன் விமான விபத்தில் தொலைந்த அஞ்சல் பை மோன் பிளாங்க் மலையில் கிடைத்தது என்ற செய்தியை வைத்து அக்கடிதத்தை நம்பும்படி அனுப்பிவைக்கிறாள். மதலேன் அழுது ஆறுதல் அடைகிறாள்.

இதை எல்லோரும் இனிமையான காட்சியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது போலிக் கடிதம். இறந்தவன் எழுதாத சொற்களை நம்பி ஒரு பெண் மீதி நாளைக் கழிக்கப் போகிறாள். கொலின்யோனுக்குச் செய்ததும் தண்டனை என்று பெயர் சூட்டிய வதைதான். காப்பிக் கடையில் புகையிலை விற்கும் ஜோர்ஜெத்தையும், பழைய காதலியை வேவு பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருக்கும் ஜோசப்பையும் அவள் இணைத்துவைப்பது சில நாட்களிலேயே கசந்துபோகிறது. ஜோசப் புதியவளையும் சந்தேகிக்கத் தொடங்குகிறான். அமேலியின் நற்செயல்கள் எல்லாமே மறைந்திருந்து செய்யப்படுபவை என்பதைப் படம் தெரிந்தே காட்டுகிறது. அவள் யார் முன்னாலும் நின்று பேசுவதில்லை.

அந்த ஒளிவு நினோவிடம் வந்து முட்டுகிறது. தானியங்கிப் புகைப்படக் கூண்டுகளின் அடியில் பிறர் கிழித்தெறிந்த படங்களைப் பொறுக்கி ஒட்டி ஒரு தொகுப்பேடு வைத்திருப்பவன் நினோ. பொருட்காட்சிப் பேய் ரயிலிலும், பாலியல் பொருள்கள் விற்கும் ஒரு கடையிலும் அவனுக்கு வேலை. அவன் தவறவிட்ட தொகுப்பேடு அமேலி கையில் கிடைக்கிறது. அதைத் திருப்பிக் கொடுப்பதற்கே அவள் ஒரு பெரிய விளையாட்டை ஏற்படுத்துகிறாள். சாக்ரே-கேர் தேவாலயத்தின் அடிவாரத்தில் குடை ராட்டினத்தின் அருகிலிருந்து தரையில் வரைந்த நீல அம்புக்குறிகள் அவனை மேலே படிக்கட்டு வழியாக அழைத்துச் செல்கின்றன. மேலே ஏறி நின்று பார்த்தால் அவள் கீழே இருக்கிறாள். பின்னொரு நாள் அவன் காப்பிக் கடைக்கே வந்து நேரில் கேட்கும்போதும் தான் அவளில்லை என்று மறுத்துவிடுகிறாள். அவன் வெளியேறியதும் அவள் உடல் நீராகக் கரைந்து தரையில் கொட்டுகிறது.

முடிவில் அவளுக்கு உதவுபவர் துபாயேல். அவர் ஆண்டுக்கு ஒன்றாக, ரெனுவார் 1881 இல் முடித்த 'படகோட்டிகளின் மதிய விருந்து' ஓவியத்தைப் படியெடுத்து வருபவர். நடுவில் தண்ணீர்க் குவளையை ஏந்திய பெண்ணின் பார்வை மட்டும் 20 முறை வரைந்தும் அவர் கைக்கு வரவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டே இருவரும் அமேலியைப் பற்றிப் பேசுகிறார்கள். கடைசியில் அவர் ஒரு ஒளிநாடாவில் நேராகவே சொல்லிவிடுகிறார்: அவளுடைய எலும்புகள் கண்ணாடியால் ஆனவை அல்ல, வாழ்க்கையில் மோதி அடிபட்டாலும் அவளால் தாங்க முடியும், இந்த வாய்ப்பை விட்டால் நாளடைவில் அவள் இதயமும் அவருடைய எலும்புபோல உலர்ந்து நொறுங்கிவிடும். அமேலி கதவைத் திறக்கிறாள். நினோ வாசலில் நிற்கிறான்.

மாய யதார்த்தம்

மாய யதார்த்தம் என்ற சொல் பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்க நாவல்களோடு சேர்த்தே பேசப்படுகிறது. நடைமுறை உலகில் இயல்புக்கு மீறிய ஒன்று நிகழும். கதைமாந்தர் அதைக் கண்டு வியக்கமாட்டார்கள். அமேலியில் படுக்கையறை ஓவியங்களில் உள்ள விலங்குகளும் பன்றி வடிவ விளக்கும் அவளைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்கின்றன. கிழிந்த புகைப்படங்கள் நினோவோடு உரையாடுகின்றன. நினோவை நேரில் காணும்போது சட்டைக்குள் அவள் இதயம் ஒளிர்கிறது. சிறுவயதில் அவள் பார்க்கும் மேகங்கள் முயலாகவும் கரடிப் பொம்மையாகவும் உருக்கொள்கின்றன.

இவற்றை நம்பவைப்பது மந்திரம் அல்ல, கணக்கு. படம் 1973 செப்டம்பர் 3 மாலை 6 மணி 28 நிமிடம் 32 வினாடி என்று நேரத்தைச் சொல்லித் தொடங்குகிறது. கதைசொல்லியின் குரல் (நடிகர் ஆந்த்ரே துசோலியே) ஆவணப்படத்துக்குரிய நிதானத்தோடு ஒவ்வொருவருக்கும் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று பட்டியலிடுகிறது. தானிய மூட்டைக்குள் கையை ஆழ நுழைப்பது, கிரெம் ப்ரூலே இனிப்பின் மேல்படிந்த கருகிய சர்க்கரையைத் தேக்கரண்டியால் உடைப்பது, சான் மர்த்தன் கால்வாயில் தட்டைக் கல்லை எறிந்து தத்தவைப்பது என அமேலியின் விருப்பங்கள் எல்லாம் கைக்கு எட்டியவை. இந்தப் 'பிடிக்கும்-பிடிக்காது' உத்தியை ழூனே 1989 இல் எடுத்த ஒரு குறும்படத்திலேயே பயன்படுத்தியிருந்தார். துல்லியமான சிறு விவரங்களுக்குப் பழகிவிட்ட பார்வையாளர், ஒரு பெண் நீராகக் கரையும்போதும் அதை மற்றொரு விவரமாகவே ஏற்றுக்கொள்கிறார்.

உருவாக்கம்

1953 இல் பிறந்த ழூனே, மார்க் காரோவுடன் சேர்ந்து 'டெலிகடெசன்' (1991), 'தொலைந்த குழந்தைகளின் நகரம்' (1995) ஆகிய இருண்ட கற்பனைப் படங்களை இயக்கியவர். பின்னர் ஹாலிவுட் சென்று 'ஏலியன்' வரிசையின் நான்காம் படத்தை எடுத்தார். அங்கிருந்து திரும்பியதும் தாம் நீண்டகாலமாகச் சேர்த்து வைத்திருந்த நினைவுத் துணுக்குகளையும் கேள்விப்பட்ட சம்பவங்களையும் கோத்துச் செய்த படமே இது. நினோவின் தொகுப்பேடுகூட, கூண்டுப் படங்களைச் சேகரித்த எழுத்தாளர் மிஷெல் ஃபோல்கோவிடமிருந்து எடுக்கப்பட்டது.

முதலில் இந்தப் பாத்திரம் ஆங்கில நடிகை எமிலி வாட்சனை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அவரால் நடிக்க இயலாமற்போனது. ஒரு படத்தின் சுவரொட்டியில் ஓட்ரே டோட்டூவின் கண்களைக் கண்ட ழூனே அவரை அழைத்துச் சோதித்துத் தேர்ந்தெடுத்தார். காப்பிக் கடை உரிமையாளராக நடித்த க்ளேர் மோரியே, த்ரூஃபோவின் '400 அடிகள்' (1959) படத்தில் சிறுவனின் தாயாக வந்தவர். அமேலி திரையரங்கில் பார்க்கும் படமும் த்ரூஃபோவுடையதே: 'ழூல் எ ஜிம்' (1962). தெருவில் இறங்கிப் படம் பிடித்த புதிய அலை இயக்குநருக்கு, தெருவையே திருத்தி அமைத்த ஓர் இயக்குநர் செலுத்தும் வணக்கம் இது. சற்று வேடிக்கையாகவும் இருக்கிறது.

வெளிப்புறக் காட்சிகள் பாரிசின் உண்மையான இடங்களில் எடுக்கப்பட்டன. அமேலி வேலை செய்யும் 'கஃபே தெ தூ முலேன்' (இரு காற்றாலைக் காப்பிக் கடை) லெபிக் தெரு 15 ஆம் எண்ணில் உள்ளது. கொலின்யோனின் கடையும் மோன்மார்த்ரில் உள்ள ஒரு மளிகைக் கடையே. உட்புறக் காட்சிகள் பல ஜெர்மனியின் கொலோன் நகரப் படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்டன. ஒளிப்பதிவாளர் புருனோ டெல்போனெல், கலை இயக்குநர் அலீன் பொனேத்தோ ஆகியோர் பச்சை, சிவப்பு, மஞ்சள் ஆகிய நிறங்களையே முதன்மையாக வைத்தனர். பிரேசில் ஓவியர் ஹுவரெஸ் மச்சாதோவின் படைப்புகள் இதற்குத் தூண்டுதல். படச்சுருளைக் கணினிக்கு மாற்றி நிறம் திருத்தும் முறை அப்போது புதிது. அதன் துணையோடு வானமும் சுவர்களும் சீராக்கப்பட்டன. தெருக்களிலிருந்து வாகனங்களும் குப்பையும் சுவர்க்கிறுக்கல்களும் அகற்றப்பட்டன.

இசை யான் டியெர்சனுடையது. உதவியாளர் ஒருவர் காரில் ஒலிக்கவிட்ட குறுந்தட்டைக் கேட்டுத்தான் ழூனே அவரைக் கண்டடைந்தார். டியெர்சனின் முந்தைய இசைத்தொகுப்புகளிலிருந்தே பல துண்டுகள் எடுக்கப்பட்டு, சில புதிதாகச் சேர்க்கப்பட்டன. அக்கார்டியனும் பியானோவும் முன்நிற்கும் இவ்விசை, பியானோ கற்கும் மாணவர்கள் விரும்பி வாசிக்கும் பாடமாக இன்று மாறியிருக்கிறது.

வரவேற்பும் சர்ச்சையும்

பிரான்சில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றன. சுமார் 1 கோடி டாலர் செலவில் உருவான படம் உலக அளவில் 17 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அமெரிக்காவில் கிடைத்த சுமார் 3.3 கோடி டாலர், பிரெஞ்சு மொழிப் படமொன்று அங்கு ஈட்டிய மிக உயர்ந்த தொகை. கான் விழாவின் போட்டிக்கு இப்படம் தேர்வாகவில்லை. எனினும் கார்லோவி வேரி விழாவின் முதற்பரிசும், டொராண்டோ விழாவின் பார்வையாளர் விருதும், சிறந்த ஐரோப்பியப் படத்துக்கான விருதும் கிடைத்தன. பிரான்சின் சேசார் விருதுகளில் சிறந்த படம், இயக்கம், இசை, கலை இயக்கம் என நான்கைப் பெற்றது. ஆஸ்காரில் ஐந்து பரிந்துரைகள். விருது எதுவும் இல்லை. பிறமொழிப் படத்துக்கான விருது அவ்வாண்டு போஸ்னியாவின் 'நோ மேன்ஸ் லேண்ட்' படத்துக்குச் சென்றது.

படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தபோதே, விமர்சகர் சேர்ஜ் ககான்ஸ்கி 'லிபரேசியோன்' நாளிதழில் கடுமையான கட்டுரை ஒன்றை எழுதினார். இது தூசு தட்டி, துடைத்து, வெளிநாட்டு வம்சாவளியினரை நீக்கிவிட்ட பாரிஸ் என்றும், தீவிர வலதுசாரித் தலைவர் லூ பென்னின் பிரச்சாரத்துக்கே இப்படம் பொருந்தும் என்றும் அவர் வாதிட்டார். லூசியனாக வரும் ஜமால் தெபூஸ் மொராக்கோ வம்சாவளியினர்; இதைச் சுட்டிக்காட்டிப் பலர் மறுத்தனர். ஆனால் அவருக்கும் படத்தில் ஒரு பழைய பிரெஞ்சுப் பெயரே கிடைத்தது. மற்றொரு முரண், நினோவாக நடித்த கசோவிட்ஸ். பாரிஸ் புறநகர்க் குடியிருப்புகளின் குடியேறி இளைஞர்களைப் பற்றிக் கறுப்பு-வெள்ளையில் 'லா ஏன்' (1995) படத்தை இயக்கி, கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றவர் அவரே.

இக்குற்றச்சாட்டைப் புரிந்துகொள்ள வரைபடம் உதவும். மோன்மார்த்ர் அமைந்துள்ள 18 ஆம் வட்டாரத்திலேயே, குன்றின் கிழக்கு அடிவாரத்தில், வட ஆப்பிரிக்கரும் மேற்கு ஆப்பிரிக்கரும் நெருங்கி வாழும் கூத் தோர் பகுதி இருக்கிறது. அமேலி தந்தையைப் பார்க்க ரயிலேறும் கார் து நோர் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், 1980களிலிருந்து ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் வரிசையாக எழுந்த லாசப்பல் உள்ளது. விநாயகர் சதுர்த்தியை ஒட்டி அங்கே தேரும் இழுக்கிறார்கள். படத்தின் கதை நடக்கும் 1997 இல் இவையெல்லாம் இருந்தன. திரையில் இல்லை. தாம் எடுத்தது ஆவணப்படம் அல்ல, தம் கனவிலுள்ள பாரிஸ் என்பது ழூனேயின் நிலைப்பாடு. கனவு காண்பவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் பலகோடிப் பேர் அந்தக் கனவை அஞ்சலட்டையாக வைத்துக்கொண்டு நகரத்துக்கு வந்து இறங்கும்போது, இல்லாமல் போனவர்களைப் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதில் ஓய்வதில்லை. 1930களின் மார்செல் கார்னே படங்களும் அரங்கில் கட்டியெழுப்பிய பாரிசையே காட்டின. அவற்றில் வறுமையும் தோல்வியும் வாசலிலேயே நின்றன. ழூனே அந்த மரபின் ஒளியை எடுத்துக்கொண்டார். இருளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். தனிமை மட்டும் மிஞ்சியது.

பின்விளைவுகள்

லெபிக் தெருக் காப்பிக் கடைக்கு இன்றும் சுற்றுலாப் பயணிகள் கிரெம் ப்ரூலே கேட்டு வருகின்றனர். ழூனேயும் டோட்டூவும் 'மிக நீண்ட நிச்சயதார்த்தம்' (2004) படத்தில் மீண்டும் இணைந்தனர். அமேலியின் கதை இசை நாடகமாக்கப்பட்டு 2017 இல் நியூயார்க் பிராட்வேயில் அரங்கேறியது. சில வாரங்களே ஓடியது. இசை நாடகங்களில் ஆர்வமில்லாத ழூனே, இதயக் கோளாறுள்ள குழந்தைகளின் அறுவை சிகிச்சைக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்கு நிதி சேர்க்கவே உரிமையை விற்றதாகக் கூறினார். இல்லாத இதயக் கோளாறால் பள்ளிக்குப் போகாத சிறுமியின் கதைக்கு இது பொருத்தமாகவே அமைந்தது. 2023 இல் அவர் பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டி, புதிய குரலோடு ஒரு குறும்படம் வெளியிட்டார். அதில் அமேலி ஒரு சோவியத் கேஜிபி உளவாளி. பிறர் வீட்டுக்குள் கள்ளச்சாவியோடு நுழைவதும், கடிதங்களைப் போலியாகத் தயாரிப்பதும், தொலைநோக்கியால் அண்டை வீட்டாரைப் பார்ப்பதும் ஒரு காட்சியும் மாறாமல் அந்தக் கதைக்கும் பொருந்திவிடுகின்றன.